பால்வாடி டீச்சரின் ஐம்பது ஆண்டுகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில் இருக்கிறது நல்லேப்பிள்ளி. கிழக்கே போனால் பொள்ளாச்சி, வடகிழக்கே கோயம்புத்தூர். பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தோடு இருந்த காலத்தில், சித்தூர் கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்தது. 1956இல் இரண்டும் கேரளத்துக்குள் வந்தன. வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்கள் எல்லைக்கு இருபுறமும் உண்டு. இருபுறமும் மூன்று வயதுக் குழந்தையைக் காலையில் கொண்டுபோய் விடும் இடமும் ஒன்றுதான்: அங்கன்வாடி. பழகிய வாய்க்கு இன்னும் அது பால்வாடி. அதை நடத்துகிறவர் டீச்சர். கூட இருக்கிறவர் ஆயா.

இந்த ஏற்பாட்டின் வேர் மேற்குக் கடற்கரையில் இருக்கிறது. 1920இல் பாவ்நகரில் பாலமந்திர் என்ற குழந்தைகள் பள்ளியைத் தொடங்கிய கிஜுபாய் பதேகாவோடு பணியாற்றியவர் தாராபாய் மோடக். அவரும் அனுதாய் வாக்கும் 1945இல் அன்றைய தாணே மாவட்டத்தின் போர்டியில் கிராமக் குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கினார்கள். விலை கொடுத்து வாங்கும் கருவிகளுக்குப் பதிலாக விதை, இலை, கூழாங்கல் என்று கைக்குக் கிடைத்ததை வைத்தே கற்பித்தார்கள். குழந்தைகள் பள்ளிக்கு வராதபோது, பள்ளியே அவர்கள் வீட்டு முற்றத்துக்குப் போனது.

அதே காலத்தில் தெற்கே இன்னொரு பயிற்சிக்களம் உருவாகியிருந்தது. 1939இல் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். மறு ஆண்டே இத்தாலி போரில் இறங்கியதால் அவர் பகை நாட்டவர் ஆகி, ஊர் திரும்ப முடியாமல் போனது. இடுக்கி மலைகளுக்குப் பக்கத்தில் உள்ள கொடைக்கானலில் இருந்தபடி வேலையைத் தொடர்ந்தார். அவரிடம் பயின்றவர்கள் நாடெங்கும் பள்ளிகள் நடத்தினார்கள். ஆனால் அந்தக் கல்வி பெரும்பாலும் கட்டணம் கட்ட முடிந்த வீடுகளுக்கே போய்ச் சேர்ந்தது.

உழைக்கும் பெண்களின் குழந்தைகளுக்கு வழி செய்த சட்டம் ஒன்று மலைத்தோட்டங்களுக்கு வந்தது. கொழுந்து பறிக்கிற தாய் குழந்தையை எங்கே விடுவாள்? ஐம்பது பெண் தொழிலாளர்களுக்கு மேல் உள்ள தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் கட்டாயம் என்றது 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்ணே அதற்குப் பொறுப்பாக இருக்க வேண்டும் என்றும் எழுதி வைத்தது. தேவிகுளம், பீருமேடு தோட்டங்களில் வேலை செய்த தமிழ்க் குடும்பங்களுக்கு இது பெரிய உரிமை. தோட்டத்துக்கு வெளியே, வயலிலும் களத்திலும் கூலி வேலை பார்த்த தாய்க்கு அப்போது அப்படி எதுவும் இல்லை.

அந்தக் குறையை நிரப்ப 1975 அக்டோபர் 2இல் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கியது. கேரளத்தில் முதல் இடம் மலப்புறத்து வேங்கர. தடுப்பூசி, சத்துணவு, முன்பருவக் கல்வி, தாய்மார்களுக்கு ஆலோசனை எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்தன. இத்தனையையும் தாங்க ஊரிலேயே ஒரு பெண் தேர்ந்தெடுக்கப்பட்டார். பத்தாம் வகுப்பு தேறியவருக்கு மாதம் 150 ரூபாய், தேறாதவருக்கு 100, ஆயாவுக்கு 35. அது சம்பளம் இல்லை, மதிப்பூதியம்.

தமிழ்நாடு தனி வழியும் போட்டது. 1980இல் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டியில் உலக வங்கி உதவியோடு ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. ஏழைத் தாயாக இருந்தும் தன் பிள்ளையை நன்றாக வளர்த்த பெண்களையே ஊழியர்களாகத் தேடினார்கள். ஊரார் கேட்பது அவர்கள் பேச்சைத்தான் என்பது கணக்கு. மாதந்தோறும் குழந்தையைத் தராசில் வைத்து, எடையை அட்டையில் புள்ளியாகக் குறித்து, போன மாதப் புள்ளியோடு கோடு சேர்ப்பார்கள். கோடு மேலே ஏறினால் கவலையில்லை. படுத்துவிட்டாலோ இறங்கிவிட்டாலோ அன்றே தாயிடம் பேச்சு, தொண்ணூறு நாள் சத்துருண்டை. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் கடும் ஊட்டக்குறைவு இதனால் தெளிவாகக் குறைந்தது. 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் மையத்துக்கு அமைப்பாளர், சமையலர், ஆயா என்று மூன்று பெண்களுக்கு வேலையும் தந்தது.

கேரளம் ஊராட்சி வழியாகப் போனது. அங்கன்வாடி நல்லேப்பிள்ளி போன்ற கிராம ஊராட்சிகளின் பொறுப்பில் வந்தது. மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கோதுமை, நிலக்கடலை, கடலைப்பருப்பு, சோயா, சர்க்கரை சேர்ந்த அமிர்தம் பொடியைக் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களின் பெண்களே தயாரிக்கிறார்கள். 2022 ஆகஸ்டிலிருந்து பாலும் முட்டையும் வந்தன. ஆலப்புழை அங்கன்வாடிச் சிறுவன் ஒருவன் உப்புமா வேண்டாம், பிரியாணி வேண்டும் என்று கேட்ட காணொளி பரவிய பிறகு, 2025இல் முட்டை பிரியாணியும் பட்டியலில் ஏறியது. குழந்தையின் சொல்லுக்கு அரசு காது கொடுத்தது பாராட்டத்தக்கது.

டீச்சரின் சொல்லுக்குத்தான் அவ்வளவு சீக்கிரம் காது கிடைக்கவில்லை. அவர் வகிப்பது அரசுப் பதவி அல்ல என்று 2006இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 2022 ஏப்ரல் 25இல், குஜராத் ஊழியர்கள் தொடுத்த வழக்கில் டீச்சருக்கும் ஆயாவுக்கும் பணிக்கொடை உண்டு என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மத்திய அரசு 2018இல் நிர்ணயித்த தொகை டீச்சருக்கு மாதம் 4,500 ரூபாய், ஆயாவுக்கு 2,250. அதன்மேல் மாநிலங்கள் தம் பங்கைச் சேர்க்கின்றன. கேரளத்து அங்கன்வாடி ஊழியர்கள் 2025இலும் தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது.

வேலை மட்டும் கூடிக்கொண்டே போகிறது. 2021இலிருந்து ஒவ்வொரு குழந்தையின் எடையையும் உயரத்தையும் போஷண் டிராக்கர் செயலியில் ஏற்ற வேண்டும். 2020இன் தேசியக் கல்விக் கொள்கை பள்ளிக்கல்வியின் முதல் படியையே மூன்று வயதில் வைத்து, ஊழியர்களுக்குச் சான்றிதழ்ப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. சித்தூர், தேவிகுளம் போன்ற வட்டங்களில் இன்னொரு பொறுப்பும் உண்டு. வீட்டில் தமிழ் கேட்டு வளரும் குழந்தைக்கு மலையாளத்தை அறிமுகம் செய்கிற முதல் ஆளாகப் பல இடங்களில் இருப்பவர் அந்த டீச்சர்தான். இரண்டு மொழியிலும் கதை சொல்ல அவருக்குப் பயிற்சியும் புத்தகமும் தருவது யார் வேலை?

அது ஊராட்சியின் வேலை, மாநிலத்தின் வேலை, கேட்க வேண்டியது பெற்றோரின் வேலை. அடுத்த கிராமசபையில் சாலையையும் குடிநீரையும் பேசும்போது, உங்கள் வார்டு அங்கன்வாடி டீச்சருக்கும் ஆயாவுக்கும் இந்த மாத ஊதியம் நாள் தவறாமல் வந்ததா, தமிழ்ப் படப்புத்தகம் இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளையும் எழுப்புங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள்.