திருவொற்றியூரிற் கலைவழிக் கல்வி

சைவத்தின் உண்மைகளை உணர்தற்கு நூற்கல்வி ஒன்றே வழியென்று கொள்வார் பலர். ஆயின் நூல் பயிறற்குரிய ஓய்வும் வாய்ப்பும் பெற்றார் எக்காலத்தும் சிலரே. கடலில் வலைவீசுவாரும், செக்காடுவாரும், கூலிக்கு உழைப்பாரும் எங்ஙனம் அறிந்து உய்வர்? இவ்வினாவிற்கு நம் முன்னோர் அளித்த விடை திருக்கோயிலாகும். கண்ணாற் காணும் உருவும், செவியாற் கேட்கும் வரலாறும், பலரும் கூடியாற்றும் விழாவும் ஆகிய மூன்றனையும் இணைத்து அவர்கள் ஊருக்குக் கல்வி நல்கினர். இம்மூன்றும் ஒன்றையொன்று பற்றிநின்ற முறையைத் திருவொற்றியூர் வரலாறு இனிது விளக்கும்.

இறைவன் அருவம், அருவுருவம், உருவம் என்னும் மூவகைத் திருமேனி கொள்ளுதல் தன்பொருட்டன்று. உயிர்கள் அறிந்து உய்தற்பொருட்டேயாம். ஆகவே உருவமைக்கும் சிற்பியின் தொழிலும் அருட்செயலின் ஒரு கூறெனத் தகும். ஒற்றியூரில் முதலாம் இராசேந்திர சோழன் (1012–1044) காலத்தில், திருமடத்துத் தலைவராய சதுரானன பண்டிதரின் ஏவலால், வீரசோழத் தச்சனென்னும் இரவி என்பான் தூங்கானை மாட வடிவில் விமானத்தைக் கருங்கல்லால் எடுத்தான் என்று வடமொழிக் கல்வெட்டுக் கூறுகின்றது. அரசன் பெயரோடும் ஆசிரியர் பெயரோடும் தச்சன் பெயரும் ஒருங்கு பொறிக்கப்பட்டமை கருதற்பாலது. நூலுணர்ந்தார் கருத்தைக் கல்லிற் காட்டுவானும் மதிக்கப்பெற்றான் என்பது இதனாற் பெறப்படும்.

இத்திருமடம் வாளாவிருந்ததன்று. 949 இல் நிகழ்ந்த தக்கோலப் போரில் இராசாதித்தன் பட்டபின், அவனுக்கு நண்பராயிருந்த கேரள நாட்டு வல்லபர் என்பார், அவனோடு உடன் இறக்கப்பெறாமைக்கு நொந்து துறவு பூண்டு, இவ்வூரில் நிரஞ்சன குருவினிடம் அருளுரை பெற்றுச் சதுரானனர் என்னும் பெயருடன் விளங்கினார். அப்பெயரே வழிவழி மடத்தலைவர்க்கு வழங்குவதாயிற்று. பிற்காலத்தில் மூன்றாம் குலோத்துங்கன் ஆட்சியில் பாணினீயம் பயிற்றுதற்கு வியாகரணதான மண்டபமும் ஈண்டு விளங்கிற்று. இலக்கணம் கற்பார்க்கு அம்மண்டபம், ஏனையோர்க்கு யாது?

இரண்டாம் இராசாதிராசனது ஒன்பதாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, பங்குனி உத்திரத் திருவிழாவில், மகிழின் கீழ் அமைந்த இராசராசன் திருமண்டபத்தில், அவ்வரசன் சதுரானன பண்டிதர் முதலியோருடன் அமர்ந்து ஆளுடைய நம்பி ஸ்ரீபுராணம் கேட்டமையைச் சொல்கின்றது. இடத்தின் பொருத்தத்தை அன்பர்கள் நோக்குக. நம்பியாரூரர் சங்கிலியாரைப் பிரியேன் என்று சூளுற்றதும் மகிழின் கீழ். அவ்வரலாறு ஓதப்பெற்றதும் மகிழின் கீழ். சூள் பிழைத்து ஊரெல்லை நீங்கியவர் கண்ணொளி இழந்தார் என்னும் செய்தியை, அம்மரத்தையே கண்டுகொண்டு கேட்பவன் மறப்பானல்லன். இன்றும் மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை நிகழ்கின்றது. தோழரேயாயினும் வாய்மை பிழைத்தல் ஆகாது என்னும் நீதியை இதனினும் எளிதிற் புகட்டவல்லது பிறிதில்லை.

கல்லும் சொல்லும் கூடிநிற்றல் வேண்டும் என்பதனைச் சோழர் நன்குணர்ந்திருந்தனர். தஞ்சைப் பெருங்கோயிலில் நம்பியாரூரர் வரலாறு அழகிய ஓவியமாகத் தீட்டப்பெற்றது. ஆயின் கருவறையைச் சூழ்ந்த குறுகிய உட்சுற்றில் அமைந்ததாலும், நாயக்கர்காலத்து ஓவியம் மேலே படிந்ததாலும், அது பன்னெடுங்காலம் மறைந்து கிடந்து, 1931 இல் ச. கு. கோவிந்தசாமியாற் கண்டறியப்பட்டது. இரண்டாம் இராசராசன் எடுத்த தாராசுரத் திருக்கோயிலிலோ, தொண்டர் வரலாறுகள் விமானத்தின் புறத்தே, வலம்வருவார் கண்ணிற்படுமாறு சிறு சிறு சிற்பங்களாக அமைந்தன. இன்னார் செய்தி இஃதென்று தமிழெழுத்தும் உடன் பொறிக்கப்பட்டது. எழுத்தறிந்தான் ஒருவன் படித்துச் சொல்லின், அறியாதார் பதின்மரும் கண்டு தெளிவர்.

எனினும் உண்மையை மறைத்தல் ஆகாது. கோயிலுட் புகும் உரிமை பலர்க்கு மறுக்கப்பட்டிருந்த நெடுங்காலத்தில் உள்ளிருந்த சிற்பம் அவர்க்குக் கற்பித்தது ஒன்றுமில்லை. திருவீதியுலா ஒன்றே அவர்க்கு ஓரளவு எட்டியது. 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் சென்னை மாகாணத்தில் அக்கதவு திறந்தது. திறந்த கதவினுட் புகுவார்க்குப் பொருள் விளக்குவார் இல்லையேல், உரிமை பெற்றும் பயன் குறைவேயாம்.

இக்குறை ஒற்றியூரில் மிக வெளிப்படை. 1856 இல் இராயபுரத்தில் இருப்புப்பாதை நிலையம் திறந்தது. பின்னர்த் துறைமுகமும், எண்ணூர் மணலி முதலிய இடங்களில் ஆலைகளும் எழுந்தன. பல நாட்டுத் தொழிலாளர் வந்து குடியேறினர். அவர் மக்கள் கோயிலுக்கு வருகின்றனர். தூணைத் தொட்டு வணங்குகின்றனர். அங்குள்ள உருவம் யாருடையது என்று அறியார். கல்லைத் துலக்குதற்கு மணலை விசையோடு வீசும் முறையால் தமிழ்நாட்டுக் கோயில்கள் சிலவற்றில் எழுத்தும் சிற்பமும் தேய்ந்தன. சுண்ணம் பூசி மறைத்தாரும் உளர். இங்ஙனம் தேய்வது கல்லன்று. ஓர் ஊரின் ஏடு.

அத்தொழிலாளர்க்குக் கூறற்கென்றே அமைந்தாற் போன்ற வரலாறு அவ்வூரிலேயே உளது. ஒற்றியூர்ச் சக்கரப்பாடித் தெருவில் வாழ்ந்த கலியநாயனார் எண்ணெய் வாணிகர்; செல்வம் தேய்ந்தபோது கூலிக்குச் செக்காடி அவ்வூதியத்தால் திருவிளக்கிட்டார்; அதுவும் அற்றபோது தம் மிடற்றுக் குருதியால் அகல் நிறைக்கத் துணிந்தார்; இறைவன் கைபிடித்துத் தடுத்தாண்டான். கூலியுழைப்பும் சிவபுண்ணியமாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. விளக்கிடுதல் சரியைத் தொண்டு. அது யாவர்க்கும் உரியது.

ஆதலின் கோயில்தோறும் அடியார் திருவுருவின் கீழ்த் தாராசுரத்திற் போலப் பெயரும் செய்தியும் சில சொல்லில் எழுதுதலும், விழாநாளில் மகிழடியில் அவ்வரலாற்றைச் சிறுவரும் விளங்குமாறு கூறுதலும், பழங்கல்லை எழுத்தழியாது காத்தலும் செயற்பாலன. இவை பெரும்பொருள் வேண்டுவன அல்ல. பழைய நெறியை மீட்டலேயாம். கல் காட்ட, சொல் விளக்க, விழா உளத்திற் பதிக்க, ஊர் கற்கும். ஒற்றியூருடைய தியாகேசப் பெருமான் திருவருள் அதற்குத் துணைநிற்க.