ஒரே விமானம், பல விலைகள்

இணையத்தில் விமானப் பயணச்சீட்டு வாங்க நாம் அமரும் இரவுகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே கழிகின்றன. சென்னையிலிருந்து தில்லிக்கு நால்வர் செல்ல வேண்டும். ஒருவருக்கு என்ன ஆகும் என்று முதலில் பார்க்கிறோம்; கட்டுப்படியாகும் தொகைதான். வீட்டாரைக் கலந்துகொண்டு வந்து, நால்வர் என்று மாற்றித் தேடினால் தலைக்குச் சில நூறு ரூபாய் கூடியிருக்கிறது. பெயர், வயது எல்லாம் நிரப்பிப் பணம் செலுத்தும் பக்கத்தை அடையும்போது விலை மேலும் ஒரு படி ஏறி நிற்கிறது. நாம் தேடுவதை எவனோ மோப்பம் பிடித்துவிட்டான் என்று முணுமுணுத்தபடி கணினியை மூடுகிறோம். மறுநாள் காலையில் அதைவிடக் கூடுதலான விலைக்கு வாங்குகிறோம்.

இந்த எரிச்சலுக்கு ஒரு வரலாறு உண்டு. பொருளுக்கு ஒரே விலை, அதை எழுதி ஒட்டிவிட வேண்டும், யார் வந்தாலும் அதுவே என்னும் நம்பிக்கை மிகப் பழையதன்று. சந்தையில் பேரம்தான் நெடுங்கால வழக்கம். ஆள் பார்த்து விலை சொல்வது பொய்யுரைப்பதற்குச் சமம் என்று கருதிய இங்கிலாந்தின் குவேக்கர் சமயத்தவர் 17ஆம் நூற்றாண்டிலேயே ஒரே விலைக்கு விற்றனர். அந்த வழக்கம் பெருங்கடைகளின் பொது நெறியானது 19ஆம் நூற்றாண்டில்தான். பாரிஸில் பான் மார்ஷேயும் பிலடெல்பியாவில் ஜான் வானமேக்கரின் கடையும் அதற்குப் பேர்பெற்றவை. விலைச்சீட்டைக் கண்டு பழகிய தலைமுறைகளின் வாரிசுகள் நாம். அது நிலையாக நில்லாதபோது ஏமாற்றப்பட்டதாகவே உணர்கிறோம்.

விமானத் துறையும் ஒரு காலத்தில் நிலையான விலையில்தான் இயங்கியது. அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து, மாநிலங்களுக்கிடையிலான பயணக் கட்டணங்கள் அரசு வாரியத்தின் ஒப்புதலின்றி மாற இயலாதவையாயின. பன்னாட்டுப் பயணங்களுக்கு ஐயாட்டா என்னும் நிறுவனங்களின் சங்கம் விலை வகுத்தது. விலையில் மோத முடியாதவர்கள் உணவில் மோதினர். 1958இல் அட்லாண்டிக் கடலைக் கடக்கும் சிக்கன வகுப்பினருக்குச் சாண்ட்விச் மட்டுமே தரலாம் என்று விதி வந்தது. ஸ்காண்டிநேவிய நிறுவனம் ரொட்டித் துண்டின்மேல் இறைச்சியும் மீனும் அடுக்கி முழு விருந்தையே சாண்ட்விச் என்ற பெயரில் பரிமாற, பான் ஆம் நிறுவனம் புகார் செய்தது. ஸ்காண்டிநேவியருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் 747 விமானங்களில் பியானோவே வைத்தது. பயணிக்கு விலை தெரிந்திருந்தது. அதைக் கொடுக்கும் வசதிதான் பலருக்கு இல்லை. பல இருக்கைகள் வெறுமையாகவே பறந்தன.

வெறுமையாகப் பறக்கும் இருக்கைதான் இக்கதையின் மூலவித்து. விற்காத புடவையை மறுநாள் விற்கலாம். புறப்பட்டுவிட்ட விமானத்தின் காலி இருக்கையை எவராலும் விற்க முடியாது. எனவே ஏதேனும் ஒரு விலைக்கு அதை விற்றுவிட நிறுவனம் துடிக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் மலிவாக விற்றுத் தீர்த்தால், கடைசி நேரத்தில் எவ்வளவு கொடுத்தும் ஏறத் தயாராக வருபவருக்கு இடம் இராது.

இந்த இருதலைச் சிக்கலுக்குக் கணக்கால் விடை சொன்னவர் பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. நிறுவனத்தில் பணியாற்றிய கென் லிட்டில்வுட். 1972இல் அவர் முன்வைத்த விதி எளியது. சலுகை விலை 4000 ரூபாய், முழு விலை 10000 ரூபாய் என்று கொள்வோம். ஓர் இருக்கையை முழு விலைக்கு வாங்க ஆள் வரும் வாய்ப்பு நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் என்றால், அதைச் சலுகை விலைக்குத் தரக்கூடாது. நாற்பதுக்குக் கீழ் என்றால் தந்துவிட வேண்டும். இன்று நம்மை அலைக்கழிக்கும் விலையேற்றத்தின் வித்து இந்தச் சிறு கணக்கில் இருக்கிறது.

கணக்கைச் செயலாக்கக் கருவி வேண்டுமல்லவா? அது அமெரிக்காவில் முன்பே உருவாகியிருந்தது. 1953இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் சி.ஆர். ஸ்மித்தும் ஐ.பி.எம். நிறுவனத்தின் விற்பனையாளர் பிளேர் ஸ்மித்தும் ஒரு விமானப் பயணத்தில் தற்செயலாகச் சந்தித்துப் பேசியதன் விளைவே சேபர் என்னும் முன்பதிவுக் கணினி. 1960களில் அது அட்டைகளில் எழுதிவைத்த பதிவுகளின் இடத்தைப் பிடித்தது. எந்த விமானத்தில் எத்தனை நாள் முன்னதாக எத்தனை இடம் விற்றது என்பதெல்லாம் அதில் சேர்ந்துகொண்டே வந்தது.

1978 அக்டோபரில் அதிபர் கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம் கட்டணக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. 1981இல் பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்னும் புதிய நிறுவனம் பழைய நிறுவனங்களைத் திகைக்கவைத்த மலிவு விலையில் பறக்கத் தொடங்கியது. அமெரிக்கன் ஏர்லைன்ஸின் ராபர்ட் கிராண்டல் எல்லா இருக்கைகளின் விலையையும் குறைக்கவில்லை. 1985 ஜனவரியில், முன்கூட்டியே வாங்கவேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளோடு, எஞ்சக்கூடிய இருக்கைகளை மட்டும் எதிராளியின் விலைக்கு இறக்கினார். மற்ற இருக்கைகள் பழைய விலையிலேயே நின்றன. அத்தகைய கணினியில்லாத பீப்பிள் எக்ஸ்பிரஸ் ஈராண்டு கூடத் தாங்கவில்லை. 1987 தொடக்கத்தில் காண்டினென்டல் நிறுவனத்தோடு இணைந்து மறைந்தது. இம்முறைக்கு யீல்ட் மேனேஜ்மென்ட் என்று பெயர். மூன்றாண்டுகளில் இதனால் 140 கோடி டாலர் பயன் விளைந்ததாக அமெரிக்கன் ஏர்லைன்ஸின் ஆய்வாளர்கள் 1992இல் எழுதினர்.

இந்தியாவில் 1953இல் அரசுடைமையான விமானத் துறை 1994இல் முழுமையாகத் தனியாருக்குத் திறக்கப்பட்டது. 2003இல் ஏர் டெக்கான் மலிவுப் பயணத்தைக் கொண்டுவந்தது; ஒரு ரூபாய்ச் சீட்டு என்ற விளம்பரத்தையும் அது செய்தது. ஒரு சில இருக்கைகளுக்கே அந்த விலை என்பதை நாமும் அப்போது கற்றுக்கொண்டோம்.

இனி நம் நள்ளிரவுப் புதிருக்கு வருவோம். ஒரே வகுப்பின் இருக்கைகள் கணினியில் பல அடுக்குகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வோர் அடுக்குக்கும் ஓர் ஆங்கில எழுத்து அடையாளமாக இடப்படுகிறது. மலிவான அடுக்கில் மூன்று இடங்களே எஞ்சியிருக்க நாம் நான்கு கேட்டால், பல முன்பதிவு முறைகள் நான்கையும் அடுத்த அடுக்கின் விலைக்கே தருகின்றன. மூன்றையும் ஒன்றையும் தனித்தனியே கேட்டிருந்தால் மிச்சப்பட்டிருக்கும். கடைசிப் பக்கத்து ஏற்றத்துக்கும் பெரும்பாலும் எளிய காரணமே உண்டு. தேடல் பக்கம் காட்டுவது சற்றுமுன் சேமித்துவைத்த விலை. பணம் கட்டும்போதுதான் உண்மை நிலை சரிபார்க்கப்படுகிறது. நம்மை யாரும் மோப்பம் பிடிக்காமலேயே இவை நிகழ்கின்றன.

இம்முறையால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டோம். பியானோ ஒலித்த காலத்தில் ஏற முடியாதவர்கள் இன்று ஏறுகிறார்கள். ஆனால் அந்த மலிவுக்கான பணத்தைத் தருபவர் யார் என்று கேட்கத்தான் வேண்டும். கடைசி நேரத்தில் வருபவர் நிறுவனச் செலவில் பறக்கும் அலுவலர் என்பதே கணக்கின் அனுமானம். தந்தை இறந்த செய்தி கேட்டு அன்றே புறப்படுபவரும் கணினியின் கண்ணுக்கு அதே அலுவலர்தான். இந்தக் குறையை நிறுவனங்கள் அறியாமலில்லை. துக்கத்துக்குச் செல்வோருக்கென அமெரிக்க நிறுவனங்கள் சில தனிக் கட்டணச் சலுகை வைத்திருந்தன. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதனை 2014இல் நிறுத்திவிட்டது.

2012இல் நடைமுறைக்கு வந்த ஓர் அமெரிக்க விதி, விளம்பரத்திலேயே வரி உட்பட முழு விலையையும் காட்ட வேண்டும் என்றது. பதிவு செய்த சீட்டை 24 மணி நேரத்துக்குள் அபராதமின்றி விட்டுவிடவும் பயணிக்கு வழிசெய்தது. விலையைக் கட்டிவைக்க முடியாவிட்டாலும், யோசிக்க ஒரு நாளேனும் கிடைக்கிறது. நல்ல விதிதான். ஆயினும் பயணத்துக்கு ஏழு நாளாவது முன்னதாகப் பதிந்தவருக்கே அந்த ஒரு நாள் உண்டு. சாவுச் செய்தி கேட்டு ஓடுபவர் அதற்குள் அடங்கமாட்டார். நால்வர் சீட்டில் நாம் இழந்த சில நூறு ரூபாய்க்காக முணுமுணுக்கும்போது, அவரையும் சற்றே நினைத்துக்கொள்வது நல்லது.