கோடித் துணியும் பட்டணத்துப் பேட்டைகளும்

வண்ணாரப்பேட்டை என்னும் பெயரைச் சென்னையில் நாள்தோறும் பல்லாயிரம் பேர் உச்சரிக்கின்றனர். பஸ்ஸின் நெற்றியிலும் ரயில் நிலையத்துப் பலகையிலும் அது எழுதியிருக்கிறது. ஆனால், அங்கே இருந்த வண்ணார் யார், எவருடைய துணியை அவர்கள் வெளுத்தார்கள், ஒரு பேட்டைக்கே தங்கள் தொழிலின் பெயரைக் கொடுக்கும்படி அத்தனை பேர் ஓரிடத்தில் திரண்டது எதனால் என்று கேட்பவரைக் காண்பதுதான் அரிதாக இருக்கிறது. பல ஆண்டுகளாக இந்தப் பழைய பேட்டைகளில் காலார நடந்து பழகியவன் என்ற முறையில், இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால் பட்டணத்தின் பிறப்பு வரையில் போக நேரும் என்பதை நான் அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

1639ஆம் வருஷம், சந்திரகிரியில் இருந்த விஜயநகர அரசருக்கு அடங்கி இக்கடற்கரைப் பிரதேசத்தை ஆண்டுவந்த தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடமிருந்து, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகஸ்தராகிய பிரான்சிஸ் டே என்பவர் சாசனம் பெற்றுக்கொண்ட மணல் திட்டில், கப்பல் ஒதுங்குவதற்கு ஒரு குடாவும் இல்லை. அலை ஓயாத அந்தத் திறந்த கரையில், வந்த கப்பல்கள் தொலைவிலே நங்கூரம் பாய்ச்சி நிற்க, சரக்கும் மனிதரும் மசூலாப் படகுகளில் நனைந்துகொண்டே கரையேற வேண்டியிருந்தது. இத்தனை அசௌகரியத்தையும் அறிந்திருந்தும் அவர் இவ்விடத்தையே நாடியதற்கு முக்கிய காரணம், கம்பெனியாருக்கு வேண்டிய நீண்ட பருத்தித் துணிகள், வேறிடங்களில் கிடைப்பதைக் காட்டிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மலிவாக இங்கே கிடைக்கும் என்று அவர் கணக்கிட்டதேயாகும். நாயக்கரின் தந்தையாராகிய சென்னப்பருடைய பெயரால் சென்னப்பட்டணம் என்று வழங்கலாயிற்று அவ்வூர். சென்னைச் சரித்திரத்தைச் சொல்லப் புகுகிறவர்கள் கோட்டையையும் அதில் அமர்ந்த கவர்னர்களையும் முன்னிறுத்திச் சொல்வதே வழக்கமாக இருக்கிறது. அக்கோட்டை முதலில் ஒரு துணிக்கிடங்கின் மதிலாக எழுந்தது என்பதை மனத்தில் வாங்கிக்கொண்டால்தான், அதற்கு வெளியே வளர்ந்த ஊரின் அமைப்பு நமக்குப் புலனாகும்.

தறியிலிருந்து இறங்கும் துணி, இன்று நாம் கடையில் காண்பதுபோல் வெண்மையாக இருப்பதில்லை. பாவுக்குப் போட்ட கஞ்சியும் பஞ்சின் இயற்கை நிறமும் சேர்ந்து பழுப்பேறியிருக்கும் அதனைக் கோடித் துணி என்பர். அந்தக் கோடியை உவர்மண்ணில் ஊறவைத்து, வெள்ளாவியில் ஏற்றி, கல்லில் அறைந்து, வெயிலில் விரித்து, காயக் காய நீர் தெளித்து, மறுபடியும் வெள்ளாவிக்கே கொண்டுபோய், இவ்வாறு பல முறை செய்த பிறகுதான் சீமைக்கு அனுப்பத் தகுந்த வெண்மை அதில் வரும். பின்பு இளநீலம் ஏற்றுவதும், கஞ்சி போடுவதும், கட்டைகளால் அடித்து மழமழப்பாக்குவதும், மடித்து மூட்டை கட்டுவதும் தனித்தனித் தொழில்கள். அவற்றைச் செய்தவர்களும் தனித்தனியே இருந்தனர். கப்பலொன்று புறப்படும் பருவம் நெருங்கினால் ஆயிரக்கணக்கான துணிகள் ஒரே சமயத்தில் வெளுக்கப்பட வேண்டும். அதற்கு நீர் வேண்டும். துணியை விரிப்பதற்கு ஏராளமான திறந்த வெளியும் வேண்டும். பட்டணத்துக்கு வடக்கே அவை இரண்டும் இருந்த நிலப்பரப்பில் கம்பெனியின் வண்ணார் குடியேறினர். ஊர்ச்சோற்றுக்கு ஊரார் துணியை வெளுத்த கிராமத்து வண்ணானின் நிலைமை வேறு. இவர்கள் வெளுத்த துணியோ லண்டன் மாநகரத்தில் ஏலத்துக்கு வந்தது.

நெசவாளர்களை இவ்வளவு எளிதில் ஓரிடத்தில் நிறுத்திவைக்கக் கம்பெனியாரால் முடியவில்லை. நெசவாளனுக்கு வேர் என்று சொல்லத் தகுந்தது தறி ஒன்றே. பஞ்சம் வந்தாலும் படை வந்தாலும், வரி கனத்தாலும், அதைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு அடுத்த சீமைக்குப் போய்விடுவான். கம்பெனியாரோ வணிகர்களிடம் முன்பணம் கொடுப்பார்கள். வணிகர்கள் அதை நெசவாளர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துத் துணியை வாங்கி வருவார்கள். வந்த துணி கோட்டையில் மாதிரித் துணியோடு ஒப்பிட்டுத் தரம் பிரிக்கப்படும். மட்டம் என்று தள்ளியதன் நஷ்டம், கடைசியில் நெய்தவன் தலையில்தான் விடியும். இந்தச் சங்கிலியில் ஒரு கணு அறுந்தாலும் கப்பல் பாதி வெறுமையாய்த் திரும்ப வேண்டியதுதான். ஆகவே, நெசவாளர்களைக் கோட்டையின் பார்வைக்குள்ளேயே குடியேற்றிவிடவேண்டும் என்ற யோசனை கவர்னர்களுக்கு உண்டாயிற்று.

1717 முதல் 1720 வரையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் என்பவர் திருவொற்றியூருக்கு அருகே இப்படி ஒரு குடியிருப்பை ஏற்படுத்தினார். காலெட் பேட்டை என்று அவர் பெயரால் ஏற்பட்ட அது, நம் ஜனங்களின் நாவில் காலடிப்பேட்டையாகி, அந்நிய வாசனை சிறிதுமின்றி இன்றும் விளங்குகிறது. அங்குள்ள கல்யாண வரதராஜப் பெருமாள் ஆலயத்தைப் பற்றி ஓர் ஐதிகம் உண்டு. கவர்னரிடம் உத்தியோகம் பார்த்த வீரராகவர் என்னும் வைஷ்ணவர், காஞ்சீபுரத்து வரதராஜரைச் சேவித்த பிறகே வேலைக்கு வருவதாக நியமம் பூண்டு, அதனால் தாமதமாகிக் கோபத்துக்கு ஆளாக, பின்பு அவருடைய பக்தியின் உண்மையைக் கண்டு வியந்த கவர்னர், இங்கேயே வரதராஜருக்கு ஒரு கோயில் கட்டிக் கொடுத்தார் என்பது அந்த ஐதிகம். கதை அப்படியே நடந்ததா என்பதை நான் ஆராயப் புகவில்லை. நெசவாளர்களை ஓரிடத்தில் தங்கச் செய்யவேண்டுமானால் வீடும் கடையும் மட்டும் போதாது, கோயில் ஒன்றும் வேண்டும் என்பதைக் கம்பெனியார் நன்றாக உணர்ந்திருந்தனர் என்பதே எனக்கு அதில் விசேஷமாகப் படுகிறது.

இதே உணர்ச்சியைச் சிந்தாதிரிப்பேட்டையிலும் காணலாம். 1734இல் ஜார்ஜ் மார்ட்டன் பிட் கவர்னராக இருந்தபோது, கூவம் நதி வளைந்து மூன்று புறமும் அணைத்தாற்போல் செல்லும் ஒரு தோட்டத்தை இதற்கெனத் தேர்ந்தெடுத்தார்கள். அது கம்பெனியின் தலைமை வணிகராக இருந்து செல்வாக்கை இழந்திருந்த சுங்குராம செட்டியாரின் தோட்டம். கம்பெனியார் அதை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டனர். அங்கே நின்ற பெருமரங்களின் நிழல் நெசவாளர்களுக்கு அனுகூலமாக இருக்கும் என்பது அவர்கள் கருதிய நன்மைகளுள் ஒன்று. விடியற்காலத்தில் தெருவின் நீளத்துக்குப் பாவை நீட்டிக் கஞ்சி தோய்த்துத் துலக்கும் காட்சியைக் காஞ்சீபுரத்திலோ சேலத்திலோ கண்டவர்கள் மரநிழலின் அருமையை அறிவார்கள். நூற்போரும் நெய்வோரும், துணியில் சித்திரம் தீட்டுவோரும், வெளுப்போரும், சாயம் தோய்ப்போரும், ஆலயத்துக்கு வேண்டிய பணியாளரும் அங்கே குடியேற அழைக்கப்பட்டனர். வீடு கட்டிக்கொள்ள முன்பணமும் கிடைத்தது. சின்னத்தறிப்பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்று பலர் சொல்லுவர். இந்தச் சொல்வரலாற்றை மறுப்பவர்களும் உண்டு. ஆயினும் அவ்வூர்த் தெருக்களின் நேர்மையைப் பார்க்கும்போது, அவற்றைத் திட்டமிட்டவன் மனத்தில் ஒரு பாவின் நீளமும் இருந்திருக்கவேண்டும் என்று எண்ணுவதை என்னால் தவிர்க்க இயலவில்லை. ஆதிகேசவப் பெருமாளும் ஆதிபுரீசுவரரும் அருகருகே எழுந்தருளியிருக்கும் இரட்டைக் கோயில் அப்பேட்டையின் நடுநாயகமாக விளங்குகிறது. கவர்னரின் துபாஷியாக இருந்த ஆதியப்ப நாராயண செட்டியார் அதனைக் கட்டுவித்தார் என்றும், இரு மூர்த்திகளின் திருநாமத்திலும் முன்நிற்கும் ‘ஆதி’ அவருடைய பெயரை நினைவூட்டுவது என்றும் கூறுவர்.

இந்த இரட்டைக் கோயில் முறைக்கு முன்மாதிரி பட்டணத்திலேயே இருந்தது. இன்று ஹைகோர்ட்டின் சிவந்த கோபுரங்கள் நிற்கும் நிலத்தில்தான் முதல் ஊர் இருந்தது. அங்கேதான் நெசவாளரும் வணிகரும் கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டிக் குடியிருந்தனர். சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அங்கேதான் இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்து, மூன்று வருஷம் வைத்திருந்து, கோட்டையை ஒட்டிய வீடுகள் பகைவருக்கு மறைவிடமாகும் என்று அவ்வூரில் ஒரு பகுதியை இடித்தனர். கோட்டையைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயரும் அதே நியாயத்தைப் பின்பற்றி எஞ்சியதையும் இடிக்கத் தொடங்கினர். ஊருக்குப் பெயர் தந்த பெருமாளின் கோயிலும் அதில் தப்பவில்லை. மாற்று நிலம் கிடைத்து, மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று பொருள் திரட்ட, சென்னகேசவரும் சென்னமல்லீசுவரரும் தேவராஜ முதலி தெருவில் மீண்டும் பிரதிஷ்டை செய்யப்பட்டனர். பூக்கடையின் சந்தடிக்குள் மறைந்திருக்கும் அதனை முதியவர்கள் இன்றும் பட்டணங்கோயில் என்றே வழங்குகின்றனர். வெட்டவெளியாக்கப்பட்ட நிலத்தில் இனி ஒருவரும் வீடு கட்டலாகாது என்று எல்லை குறிப்பதற்காக 1773இல் ஆறு தூண்கள் நாட்டப்பட்டன. அவற்றுள் ஒன்று பாரிமுனையில், பெரிய வாணிப மாளிகை ஒன்றின் ஓரத்தில் இன்னமும் நிற்கிறது. ஒரு முழு ஊரின் கல்லறைக்கல் அது. அதனருகே பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களிடம் இதைச் சொல்லவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் எனக்கு ஆவல் எழுகிறது.

இடம் பெயர்ந்த ஊர், முத்தியாலுப்பேட்டை என்றும் பெத்துநாயக்கன்பேட்டை என்றும் பெயர் பெற்ற இரு பகுதிகளாகப் பெருகிற்று. அதற்கு வடக்கிலும் மேற்கிலும் எழுந்த மதிலின் செலவுக்கென்று விதிக்க நினைத்த வரி வசூலாகவே இல்லையாயினும், வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ஆர்மேனியர் தெருவை நம்மவர் அரண்மனைக்காரன் தெரு ஆக்கினார்கள்; அங்கே அரண்மனை எதுவும் இருந்ததில்லை, 1772இல் கட்டப்பட்ட ஆர்மேனியர் தேவாலயமே இருக்கிறது. பவளக்காரத் தெருவில் மத்தியதரைக்கடற் பவளத்தைக் கொண்டுவந்து கோல்கொண்டா வைரத்துக்கு மாற்றிய யூத வணிகர்கள் வாழ்ந்தனர். ஏழுகிணறு, 1772இல் காப்டன் பேக்கர் என்பவர் கோட்டைக்குக் குடிநீர் தருவதற்காகத் தோண்டுவித்த கிணறுகளின் பெயர். அக்கிணறுகளுக்கு அண்மையில் உள்ள வீராசாமி பிள்ளை தெருவில்தான் இராமலிங்க அடிகள் இளமையில் வாழ்ந்து, நாள்தோறும் கந்தகோட்டம் சென்று முருகனைப் பாடினார்.

துணியின் கதைக்கே திரும்புகிறேன். எந்தத் துணிக்காக இத்தனை பேட்டைகள் எழுந்தனவோ, அதற்கு ஆபத்து அதை வாங்கிய நாட்டிலேயே பிறந்தது. நம்முடைய சாயவேரின் சிவப்பும் நீலமும் தீட்டிய துணிகள் ஆங்கில நாட்டுப் பெண்டிரை மயக்கியதைக் கண்டு கொதித்த அந்நாட்டு நெசவாளரைச் சாந்தப்படுத்த, 1700ஆம் ஆண்டிலும் பின்னர் 1721இலும் பார்லிமெண்டு அத்துணிகளை விலக்கிச் சட்டம் செய்தது. அந்த அடியையும் தாங்கி நின்ற இவ்வியாபாரத்தை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லங்காஷயரின் நீராவித் தறிகள் சாய்த்தன. முன்பு கப்பலேறிப் போன சரக்கு, இப்போது கப்பலிலிருந்து இறங்கலாயிற்று. சிந்தாதிரிப்பேட்டையில் தறியோசை அடங்கிப் போனது. இன்று அப்பெயரைக் கேட்டதும் பட்டணத்தாருக்கு மீன் அங்காடிதான் ஞாபகத்துக்கு வருகிறது. மெட்ராஸ் கைக்குட்டை என்று பெயர் பெற்ற கட்டம்போட்ட துணி மட்டும், சுற்றுப்புறத்து ஊர்களில் நெய்யப்பட்டு, மேற்கு ஆப்பிரிக்காவின் கரையோரத்து ஜனங்களின் மங்கல வஸ்திரமாக நெடுங்காலம் கப்பலேறிற்று.

ஆனாலும் துணி இவ்வூரை முற்றிலும் விட்டுப் போய்விடவில்லை. பழைய வண்ணாரப்பேட்டையின் எம்.சி. ரோட்டில் பண்டிகைக் காலத்து மாலை வேளையில் கால் வைக்க இடம் கிடைப்பதில்லை. வடசென்னையின் குடும்பங்கள் புத்தாடை எடுப்பது அங்கேதான். ஜார்ஜ் டவுனில் கோடவுன் தெரு என்று ஒன்று இருக்கிறது. சென்ற மாதம் ஒரு காலை வேளையில் அதன் வழியே நடந்துகொண்டிருந்தேன். கைவண்டியிலிருந்து மூட்டைகளை இறக்கி, சணலை அறுத்து, ஒருவர் வெள்ளைத் துணியைத் திண்ணையில் உருட்டி விரித்தார். வெளியூரிலிருந்து வந்திருந்த முதிய வியாபாரி ஒருவர், விலையைக் கேட்பதற்கு முன்னே, துணியின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்துத் தேய்த்து, கஞ்சி எவ்வளவு, நூல் எவ்வளவு என்று கண்ணை மூடிக்கொண்டு நிதானித்தார். பிறகு தலையை அசைத்துவிட்டு, அடுத்த மூட்டையைப் பிரிக்கச் சொன்னார்.