நிலவறைப் பெட்டியில் கிடந்த கைது ஆணை



வரலாற்றுப் பாடத்தில் ஆண்டுகளையும் பெயர்களையும் நம் மாணவர்கள் நன்றாகவே மனனம் செய்கின்றனர். ஆனால் "இச்செய்தி எந்த ஆவணத்திலிருந்து கிடைத்தது? அந்த ஆவணம் இன்று யாரிடம் இருக்கிறது?" என்று கேட்கும் மாணவர் அரிது. அக்கேள்விக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை அமெரிக்காவின் ஒரு வழக்கு நமக்குக் காட்டுகிறது. அது மிசிசிப்பி மாநிலத்தின் நாட்டுப்புற நீதிமன்றங்களில் கிடந்த சில தாள்களைப் பற்றிய வரலாறு.

எம்மெட் டில் என்பவன் சிகாகோ நகரைச் சேர்ந்த 14 வயதுக் கறுப்பினச் சிறுவன். 1955ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் மிசிசிப்பியில் உள்ள மணி என்னும் சிற்றூருக்கு உறவினர் வீட்டுக்கு வந்திருந்தான். அங்கிருந்த கடையொன்றில் கடைக்காரரின் மனைவியான வெள்ளைக்காரப் பெண்ணிடம் முறைகேடாக நடந்துகொண்டான் என்பது அவன்மீது சுமத்தப்பட்ட பழி. ஆகஸ்டு 28ஆம் நாள் விடியுமுன், கடைக்காரர் ராய் பிரயன்ட்டும் அவருடைய தாய்வழி அரைச் சகோதரர் மைலமும் அவனை வீட்டிலிருந்து கடத்திச் சென்றனர். மூன்று நாள்களுக்குப் பின் அவனுடைய உடல் டாலஹாச்சி ஆற்றில் கண்டெடுக்கப்பட்டது. தாயார் மேமி டில் சிகாகோவில் சவப்பெட்டியைத் திறந்தே வைத்து, சிதைந்த முகத்தை உலகம் காணச் செய்தார்.

இங்கே ஒரு நிருவாக உண்மையைப் புரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான அமெரிக்க மாநிலங்கள் கவுண்டி எனப்படும் மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. கொலை, கடத்தல் போன்ற பெருங்குற்றங்கள் பொதுவாக அவை நிகழ்ந்த கவுண்டியின் நீதிமன்றத்தில்தான் விசாரிக்கப்படும். சிறுவன் கடத்தப்பட்ட மணி என்னும் ஊர் லெஃப்லோர் கவுண்டியைச் சேர்ந்தது. உடல் கிடைத்த இடமோ டாலஹாச்சி கவுண்டி. ஆகவே ஒரே கொடுமைக்கு இரண்டு இடங்களில் ஆவணங்கள் உண்டாயின. கொலை வழக்கு டாலஹாச்சியிலும், கடத்தல் குற்றச்சாட்டு லெஃப்லோரின் தலைநகரான கிரீன்வுட்டிலும் இடம்பெற்றன. டாலஹாச்சி கவுண்டிக்கே சார்ல்ஸ்டன், சம்னர் என இரண்டு தலைநகரங்கள் உண்டு. இரண்டிலும் நீதிமன்றங்கள் உள்ளன. கொலை வழக்கு நடந்தது சம்னரில். இவ்விவரம் அறியாதவர் தவறான கதவைத் தட்டிவிட்டு, "ஆவணம் இல்லை" என்று திரும்பிவிடக் கூடும்.

சம்னரில் 1955 செப்டம்பர் 19 முதல் 23 வரை விசாரணை நடந்தது. நடுவர் குழுவில் இருந்த 12 பேரும் வெள்ளைக்கார ஆண்கள். சிறுவனின் தாத்தா முறையினரான மோஸ் ரைட், உயிருக்கு அஞ்சாமல் சாட்சிக் கூண்டில் எழுந்து நின்று, கடத்தியவர்களைச் சுட்டிக்காட்டினார். ஆயினும் நடுவர் குழு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக மட்டுமே கலந்து பேசி, இருவரையும் விடுதலை செய்தது. அதே ஆண்டு நவம்பரில் லெஃப்லோர் கவுண்டியின் பெருநடுவர் குழு, கடத்தல் குற்றத்துக்கும் வழக்குத் தொடர மறுத்துவிட்டது. 1956 ஜனவரியில், ஒரே குற்றத்துக்கு மறுமுறை விசாரிக்க முடியாது என்னும் சட்டப் பாதுகாப்பில், அவ்விருவரும் கொலையை ஒப்புக்கொண்டு 'லுக்' இதழுக்குப் பேட்டி அளித்தனர்.

பின்வந்த ஆய்வாளர்கள் விசாரணையின் முழுப் பதிவைத் தேடினர். அது பல ஆண்டுகள் காணாமற்போன ஆவணமாகவே கருதப்பட்டது. இதற்கு நீதிமன்ற நடைமுறையிலேயே ஒரு காரணம் உண்டு. விசாரணையின்போது குறுக்கெழுத்தாளர் குறிப்பு எடுப்பார். அதனை முழுமையாகத் தட்டச்சு செய்து கோப்பில் சேர்க்கும் தேவை பெரும்பாலும் மேல்முறையீட்டின்போதுதான் எழும். குற்றவாளி அல்லர் என விடுவிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யப் போவதில்லை. அரசுத் தரப்பும் அவ்விடுதலையை எதிர்த்து மறுவிசாரணை கோர முடியாது. ஆகவே, அநீதியாக விடுதலை கிடைத்த வழக்குகளில்தான் சாட்சியப் பதிவு எளிதில் மறைந்து போகிறது. இது வேதனையான முரண்.

2004ஆம் ஆண்டு அமெரிக்க நீதித்துறை இவ்வழக்கை மீண்டும் ஆராயத் தொடங்கியது. அப்போது எஃப்.பி.ஐ. அதிகாரிகள் விசாரணைப் பதிவின் மங்கிய நகல் ஒன்றைக் கண்டுபிடித்து, அதனைப் புதிதாகத் தட்டச்சு செய்தனர். 2005இல் சிறுவனின் உடல் தோண்டி எடுக்கப்பட்டு அடையாளமும் உறுதி செய்யப்பட்டது. 1955இல் எதிர்த்தரப்பினர், அந்த உடல் எம்மெட் டில்லினுடையதே அன்று என்று வாதிட்டிருந்தனர். அரை நூற்றாண்டுக்குப் பிறகு அந்த வாதம் தகர்ந்தது.

அடுத்த கண்டுபிடிப்பு 2022 ஜூன் மாதத்தில் நிகழ்ந்தது. கடைக்காரரின் மனைவியையும் கடத்தல் குற்றத்துக்காகக் கைது செய்ய ஆணை பிறப்பிக்கப்பட்டதாக 1955ஆம் ஆண்டுச் செய்தித்தாள்களே எழுதியிருந்தன. அந்த ஆணை நிறைவேற்றப்படவில்லை. தாளையும் யாரும் கண்டதில்லை. எம்மெட் டில்லின் குடும்பத்தினரும் அடங்கிய தேடல் குழுவொன்று கிரீன்வுட் நீதிமன்றத்தின் நிலவறைக்குள் சென்றது. அங்கே பழைய தாள்கள் பத்தாண்டு வாரியாகப் பெட்டிகளில் அடுக்கப்பட்டிருந்தன. எந்தப் பெட்டியில் எது உள்ளது என்பதற்கு வேறு குறிப்பு இல்லை. பெட்டிகளைத் திறந்து பார்த்தபோது, 1955 ஆகஸ்டு 29 எனத் தேதியிட்ட அந்த ஆணை ஓர் உறைக்குள் இருந்தது. அது மெய்யான ஆவணமே என்று நீதிமன்ற எழுத்தர் சான்றளித்தார்.

அது நீதியைத் தரவில்லை. 2022 ஆகஸ்டில் லெஃப்லோர் பெருநடுவர் குழு அப்பெண்மீது வழக்குத் தொடர மறுத்தது. 2023 ஏப்ரலில் அவர் காலமானார். ஆயினும், சட்டம் ஒரு காலத்தில் அவரைத் தேடியது என்பதும், தேடியவர்கள் வேண்டுமென்றே நின்றுவிட்டனரோ என்னும் ஐயமும் இன்று வெறும் வாய்மொழி அன்று. கையொப்பமிட்ட தாளின் துணை அதற்கு உண்டு.

இத்தகைய ஆவணங்களைக் கேட்டுப் பெறும் முறையையும் அறிந்துகொள்வோம். மிசிசிப்பியில் பெருங்குற்ற வழக்குகள் சர்க்கியூட் நீதிமன்றத்துக்கு உரியவை. அக்கோப்புகளைக் காப்பவர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் சர்க்கியூட் எழுத்தர். கேட்பவர் முதலில் குற்றம் நிகழ்ந்த கவுண்டியையும், அங்கு ஒன்றுக்கு மேற்பட்ட நீதிமன்றங்கள் இருப்பின் எது என்பதையும் உறுதி செய்ய வேண்டும். பிறகு குற்றம் சாட்டப்பட்டவரின் பெயரைப் பெயரடைவில் தேடி, வழக்கு எண்ணை அறிய வேண்டும். எண் தெரியாவிடில், பெயரின் எழுத்து வேறுபாடுகளையும், ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதையும், குற்றச்சாட்டையும் கடிதத்தில் தெளிவாக எழுத வேண்டும். "எல்லாம் வேண்டும்" என்று கேட்பதை விடக் குற்றப்பத்திரிகை, கைது ஆணை, தீர்ப்பு எனத் தனித்தனியே பெயர் குறிப்பிட்டுக் கேட்பது நல்லது. நகலுக்குக் கட்டணம் உண்டு; சான்றளித்த நகலுக்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் கேட்பார்கள். பெருநடுவர் குழுவின் கலந்துரையாடல் இரகசியம். அதனைக் கேட்டுப் பயனில்லை. 1966ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டம் மத்திய அரசு அலுவலகங்களுக்கே பொருந்தும். கவுண்டி நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது. பழைய கோப்புகள் பல கணினியிலும் ஏற்றப்படவில்லை. ஆகவே நாட்டுப்புறக் கவுண்டியில் தேடல் என்பது பெரும்பாலும் ஓர் எழுத்தரின் பொறுமையையும் நம் பொறுமையையும் நம்பியதாகும். அங்கே இல்லையெனில் மாநில ஆவணக் காப்பகம், அன்றைய செய்தித்தாள்கள், வழக்கறிஞர்களின் பழைய தாள்கள் எனத் தேட வேண்டும்.

ஆசிரியர்கள் வகுப்பில் இந்நிகழ்வைச் சொல்லும்போது, கொடுமையோடு நிறுத்திவிடாமல் அந்தப் பெட்டியைப் பற்றியும் சொல்லலாம். அறுபத்தேழு ஆண்டுகள் அத்தாள் அங்கேயே இருந்தது. எவரும் அதனை ஒளித்து வைக்கவில்லையாயினும், தேடி வந்து கேட்பார் இல்லாத வரை அது இல்லாததற்கே சமம். பெற்றோர்களும் தம் வீட்டிலுள்ள தாத்தா பாட்டியின் பிறப்புப் பத்திரம், பழைய கடப்பிதழ், தோட்டத்துச் சம்பளச் சீட்டு ஆகியவற்றைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது, இதனை எழுதியவர் யார்?" என்று கேட்டுப் பார்க்கலாம். வரலாற்றுக் கல்வி அங்கே தொடங்கட்டும்.