ரூட் பண்ணினால் வொறண்டி போகுமா?

2010, 2011 காலத்தில் அன்ட்ரொயிட் போன் வாங்கின அண்ணாமார் அக்காமாரைக் கேட்டுப் பாருங்கோ. ஊர்ச் செய்தியைப் போனில் திறந்தால் எழுத்து வராது, வரிசையாகப் பெட்டி பெட்டியாகத்தான் வரும். பெரும்பாலான போன்களில் தமிழ் எழுத்துருவே இருக்கவில்லை. எழுத்துருக் கோப்பை இணையத்தில் எடுக்கலாம். ஆனால் அதைப் போடவேண்டிய இடம் போனின் சிஸ்டம் கோப்புறை. காசு கொடுத்துப் போனை வாங்கினவருக்கு அந்தக் கோப்புறைக்குள் எழுத அனுமதி இல்லை. அனுமதி வேணுமெண்டால் ரூட் பண்ண வேணும். ரூட் பண்ணினால் “வொறண்டி போயிடும் தம்பி” எண்டு கடையில் சொல்லுவார்கள்.

எங்களில் ஒருவரின் அண்ணா அப்படித்தான் ரூட் பண்ணித் தமிழ் எழுத்துருவைப் போட்டார். மூன்று மாதத்தில் சார்ஜர் குத்துகிற இடம் ஆட்டம் கண்டு, சார்ஜ் ஏறாமல் போனது. கடைக்குக் கொண்டு போனார். கணினியில் போட்டுப் பார்த்தவர்கள், “இது ரூட் பண்ணின போன், எங்களால ஒண்டும் செய்யேலாது” எண்டு திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சார்ஜர் குத்துகிற ஓட்டைக்கும் எழுத்துருவுக்கும் என்ன சம்பந்தம் எண்டு அவர் கேட்கவில்லை. பிழை தன்னில்தான் எண்டு நினைத்துக்கொண்டு வந்துவிட்டார். அவர் கேட்காத அந்தக் கேள்வியைத்தான் நாங்கள் தேடிப் பார்த்தோம். அது நினைத்ததைவிடப் பழைய கேள்வியாக இருந்தது.

அமெரிக்காவில் ரெலிபோன் என்றாலே ஏ.டி. அன்ட் டி. கம்பனிதான் என்று இருந்த காலம். போனே வாடகைக்குத்தான் கிடைக்கும். கம்பனி கொடுக்காத எதையும் அதில் பொருத்தக் கூடாது என்பது விதி. அந்தக் காலத்தில் ‘ஹஷ்-எ-போன்’ என்று ஒரு சின்னச் சாமான் விற்பனைக்கு வந்தது. பேசுகிற வாய்ப்பகுதியில் மாட்டுகிற கிண்ணம் போன்ற ஒன்று, அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பவருக்கு நீங்கள் கதைப்பது கேட்காது. இதுவும் வலையமைப்புக்குக் கெடுதல் என்றது கம்பனி. மத்திய தொடர்பாடல் ஆணைக்குழுவும் 1955இல் கம்பனியின் பக்கமே நின்றது. அடுத்த வருடம் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது. பிறருக்குக் கெடுதல் செய்யாமல் தனக்குப் பயன்படும் விதத்தில் ஒருவர் போனைப் பாவிப்பதைத் தடுக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். 1968இல் ‘கார்ட்டர்போன்’ என்ற கருவி பற்றிய வழக்கில் ஆணைக்குழுவே அந்த வழிக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் வேறு கம்பனிகளின் கருவிகள் போன் லைனுக்கு வரத் தொடங்கின.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் போன் வாடகைப் போன், சொந்தக்காரன் கம்பனி. அப்படியிருந்தும் கெடுதல் நடந்ததா என்று கேட்டுத்தான் நீதிமன்றம் முடிவெடுத்தது. எங்கட கையில் இருப்பது முழுக்காசும் கட்டி வாங்கிய போன்.

வொறண்டிக்கென்றே ஒரு சட்டம் 1975 ஜனவரியில் அமெரிக்காவில் வந்தது. மக்னஸன்-மொஸ் வொறண்டிச் சட்டம். செனட்டர் வொரன் மக்னஸன், பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜோன் மொஸ் இருவரின் பெயரும் அதில் இருக்கிறது. மொஸ் என்ற பெயரை மனதில் வைத்திருங்கள், திரும்ப வருவார். எங்கட கம்பனி ஃபில்ட்டரைப் போட்டால்தான் காருக்கு வொறண்டி என்கிற மாதிரியான நிபந்தனைகளை அந்தச் சட்டம் தடுத்தது. வெளிச்சாமான் போட்டதால்தான் பழுது வந்தது என்று கம்பனி காட்டினால் அந்தப் பழுதைத் திருத்தித்தர மறுக்கலாம். வெளிச்சாமான் போட்டிருக்கிறது என்பது மட்டும் காரணமாகாது. ஆனால் கார்க் காலத்துச் சட்டம் அது. மென்பொருளை மாற்றுவது பற்றி அதில் நேரடியாக ஒரு வரியும் இல்லை. அந்த இடைவெளியில்தான் முப்பது வருடம் கழித்து ஸ்மார்ட்போன் வந்து நிற்கிறது.

2007 ஜூன் 29 ஐபோன் விற்பனைக்கு வந்தது. ஓகஸ்டில் ஜோர்ஜ் ஹொட்ஸ் என்ற 17 வயதுப் பெடியன் அதை வேறு வலையமைப்பிலும் வேலை செய்ய வைத்துவிட்டான். (அந்தப் போனைக் கொடுத்து ஒரு நிஸான் காரும் மூன்று புது ஐபோன்களும் வாங்கினான். வொறண்டி பற்றி அவனுக்கு என்ன கவலை.) செப்டெம்பரில் அப்பிள் ஓர் எச்சரிக்கை விட்டது: இப்படி அன்லொக் பண்ணிய போன்கள் அடுத்த அப்டேட்டோடு நிரந்தரமாகச் செயலிழக்கக்கூடும், அதற்கு வொறண்டி இல்லை. சில நாளில் 1.1.1 அப்டேட் வந்தது. மாற்றம் செய்த பல போன்கள் உண்மையாகவே செத்துப் போயின. இந்த இடத்தில் கம்பனியின் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. மாற்றத்துக்கும் பழுதுக்கும் நேரடித் தொடர்பு இருந்தது. ஆனால் போனைக் கொன்ற அப்டேட்டை அனுப்பியதும் அதே கம்பனிதானே என்று கேட்டவர்கள் வழக்குப் போட்டார்கள்.

அன்ட்ரொயிட் பக்கம் கதை தொடங்கிய விதம் சிரிப்பு. 2008 ஒக்டோபரில் வந்த முதல் அன்ட்ரொயிட் போனான ஜி1இல் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. விசைப்பலகையில் நீங்கள் அடிக்கிற எல்லாமே, பின்னால் மறைவாக ஓடிக்கொண்டிருந்த ரூட் அதிகாரமுள்ள கட்டளைத் திரைக்கும் போய்க்கொண்டிருந்தது. செய்தி அனுப்பும்போது ஒருவர் ‘ரீபூட்’ என்று அடிக்க, போன் உண்மையாகவே அணைந்து எழும்பியது. கூகிள் அவசரமாக அடைத்தது. அதற்குள் அந்த வழியால் ரூட் எடுத்தவர்கள் எடுத்துவிட்டார்கள். கூகிளின் பிழையால் திறந்த கதவு, ஆனால் உள்ளே போனவருக்கு வொறண்டி இல்லையாம்!

2010 ஜூலை 26 அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் ஒரு விலக்கு அறிவித்தது. போனை ஜெயில்பிரேக் பண்ணுவது 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தை மீறுவதாகாது. உலகம் முழுக்கப் பெடியள் கொண்டாடினார்கள். ஆனால் அது பதிப்புரிமை பற்றிய விலக்கு. வொறண்டி பற்றி அது ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஜெயில்பிரேக் வொறண்டியை மீறுவதாகலாம் என்று அப்பிள் உடனேயே நினைவூட்டியது. ‘சட்டபூர்வம்’ என்பதும் ‘வொறண்டி உண்டு’ என்பதும் இரண்டு வேறு விசயம். இன்றைக்கும் யூடியூப்பில் இதைக் குழப்பித்தான் சொல்லுகிறார்கள்.

அடுத்த கட்டம்தான் எங்களுக்கு அதிகம் உறுத்தியது. 2011இல் சாம்சங் கலக்ஸி எஸ்2 போனில், வெளி மென்பொருள் எத்தனை முறை போடப்பட்டது என்று எண்ணும் ஒரு கணக்கு இருந்தது. போன் எழும்பும்போது மஞ்சள் முக்கோணமும் காட்டும். சின்ன மின்தடை ஒன்றை வைத்துக் கட்டிய யூ.எஸ்.பி. முனையைக் குத்தி, பெடியள் அந்தக் கணக்கைத் திரும்பப் பூச்சியமாக்கினார்கள். அதே வருடம் சயனோஜன்மொட் என்ற புகழ்பெற்ற மாற்று மென்பொருளை உருவாக்கிய ஸ்டீவ் கொண்டிக்கைச் சாம்சங்கே வேலைக்கு எடுத்தது. சரி, கம்பனி இளகுது எண்டு எல்லாரும் நினைத்தார்கள். 2013இல் நொக்ஸ் வந்தது. இந்த முறை கணக்கு மென்பொருளில் இல்லை, சிப்புக்குள். வெளி மென்பொருளைப் போட்டால் உள்ளே ஒரு மின் உருகி எரிந்துவிடும். எரிந்தால் எரிந்ததுதான், எந்த மின்தடையாலும் திருப்ப முடியாது. திரையில் ‘நொக்ஸ் வொறண்டி வொய்ட்’ என்ற வரியின் கடைசி இலக்கம் 0இலிருந்து 1 ஆகும்.

நீதிமன்றம் கேட்கவேண்டிய கேள்வி, பழுது எதனால் வந்தது என்பது. சிப்புக்குள் இருக்கிற உருகிக்கு அந்தக் கேள்வி தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: தொட்டாயா, தொடவில்லையா. கடையில் இருக்கிற பெடியனும் அந்த 1ஐத்தான் பார்ப்பான். திரையில் ஒரு கம்பனி எழுதி வைத்த வரி, சட்டம் மாதிரி ஆகிவிட்டது.

ஐரோப்பாவில் இதைச் சட்டப்படியே கேட்டார்கள். அங்கே 1999ஆம் ஆண்டின் நுகர்வோர் பணிப்புரைப்படி, விற்றவர் இரண்டு வருடத்துக்குப் பொறுப்பு. இது கம்பனி தானாகத் தருகிற வொறண்டி இல்லை, சட்டம் தருவது. முதல் ஆறு மாதத்தில் வருகிற பழுது, விற்கும்போதே இருந்ததாகத்தான் பொதுவாகக் கொள்ளப்படும். இல்லையென்றால் விற்றவர்தான் நிரூபிக்க வேண்டும். (2022இலிருந்து அந்தக் காலம் ஒரு வருடம்.) 2012இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் ஐரோப்பிய அமைப்பில் மத்தியா ஷுக்லே, கார்லோ பியானா என்ற இருவர் இதை ஆராய்ந்து எழுதினார்கள். ரூட் பண்ணியது மட்டுமே சட்ட உத்தரவாதத்தை மறுக்கப் போதிய காரணம் அல்ல என்பது அவர்கள் முடிவு. அதுக்காக என்னத்தையும் செய்யலாம் எண்டில்லை. ப்ரொசஸரை அளவுக்கு மீறி ஓடவிட்டு எரித்தால் அந்தப் பழுது உங்களுடையதுதான்.

அமெரிக்காவில் 2018 ஏப்ரலில் மத்திய வர்த்தக ஆணைக்குழு ஆறு கம்பனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஸ்டிக்கர் கிழிந்தால், வெளியில் திருத்தினால் வொறண்டி இல்லை என்கிற மாதிரியான வாசகங்கள் 1975ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முரணாகலாம் என்று. கம்பனிகளின் பெயரை ஆணைக்குழு சொல்லவில்லை. பத்திரிகையாளர்கள் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேட்டுத்தான் அடுத்த மாதம் வெளியே வந்தது: சோனி, மைக்ரோசொஃப்ட், நின்டெண்டோ, ஹியுண்டாய், போன் செய்கிற எச்.டி.சி., ஏசஸ். அமெரிக்காவில் அந்தத் தகவல் அறியும் சட்டம் 1966இல் வருவதற்குப் பல வருடம் பாடுபட்டவர் யார் தெரியுமா? அதே ஜோன் மொஸ். அவர் இறந்து இருபது வருடம் கழித்து அவருடைய இரண்டு சட்டங்களும் ஒரே விசயத்தில் சந்தித்தன.

இனி எங்கட பக்கம். இலங்கையில் பொருள் விற்பனைக்கான கட்டளைச் சட்டம் 1896ஆம் ஆண்டினது. விற்கிற சாமான் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கிறது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ரூட் என்ற சொல் இரண்டிலும் இல்லை. நடைமுறையில் எங்களிடம் இருப்பது கடை தருகிற ஒரு வொறண்டி அட்டையும் பில்லும்தான். எங்கள் குழுவில் இருந்தவர்களின் அட்டைகளை எடுத்துப் பார்த்தோம். தண்ணீர் பட்டால் இல்லை, விழுந்து உடைந்தால் இல்லை, வெளியில் திறந்தால் இல்லை என்று வரிசையாக இருக்கிறது. மென்பொருள் பற்றி ஓர் அட்டையில் மட்டும்தான் இருந்தது. மற்ற அட்டைக்காரர்களிடம் “சொஃப்ட்வெயார் மாத்தினா வொறண்டி இல்லை” என்று கடையில் சொன்னால், அது எங்கே எழுதியிருக்கு என்று கேட்கலாம். எழுதியிருந்தாலும், இந்தப் பழுது அதனால்தான் வந்தது என்று எழுதித் தரச்சொல்லிக் கேட்கலாம்.

அண்ணாவின் போன் இன்னும் வீட்டு லாச்சிக்குள் கிடக்கிறது. அவர் இப்போது பாவிக்கிற போனில் தமிழ் வாசிக்க எதையும் ரூட் பண்ணத் தேவையில்லை. 2011 கடைசியில் வந்த அன்ட்ரொயிட் 4.0க்குப் பிறகு மெல்ல மெல்லத் தமிழ் போனோடு சேர்ந்தே வரத் தொடங்கிவிட்டது.