நினைவு நிலைபெறும் நேரம்



எங்கள் திருமழிசையில் அவதரித்த ஆழ்வார் அருளியது திருச்சந்தவிருத்தம். அதன் 120 பாசுரங்களையும் ஏடு பாராமல் ஓதும் முதியோரைக் கேட்டிருக்கிறேன். காலையில் ஒப்புவித்த செய்யுளை மறுநாள் மறந்து நின்ற மாணவரையும் வகுப்பில் கண்டிருக்கிறேன். ஒரு நினைவு நிற்பதும் மற்றொன்று மறைவதும் எதனால்?

மூளையில் நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி வழங்கும் இடம் நரம்புச் சந்தி. கற்கும்போது அச்சந்திகள் சில வலுப்பெறுகின்றன. அவ்வலிமை நீடிக்கப் புதிய புரதம் வேண்டுமோ என்று அறிஞர் ஐயுற்றனர். 1963-இல் அமெரிக்காவில் பிளெக்ஸ்னர் தம்பதியரும் கூட்டாளிகளும், புரத உற்பத்தியைத் தடுக்கும் பியூரோமைசின் என்னும் மருந்தைச் சுண்டெலிகளின் மூளையில் செலுத்தினர். அவை கற்றதை இழந்தன.

அடுத்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பெர்னார்டு அக்ரனாஃப் பொன்மீன்களைப் பழக்கினார். பயிற்சிக்கு முன்பே மருந்து பெற்ற மீன்களும் கற்கத் தவறவில்லை. ஆனால் பயிற்சி முடிந்தவுடன் மருந்து பெற்றவை சில நாளில் மறந்தன. ஒரு மணி நேரம் கழித்துப் பெற்றவையோ மறக்கவில்லை! கற்பது வேறு, கற்றது நிலைப்பது வேறு என்பது இதனால் புலப்பட்டது.

மருந்து வேறு வகையில் மூளையைக் கெடுத்திருக்கலாமே என்று சிலர் மறுத்தனர். 1986-இல் எரிக் கேண்டலின் குழுவினர், அப்ளீசியா என்னும் கடல்நத்தையின் நரம்பணுக்களைக் கிண்ணத்தில் வளர்த்து ஆராய்ந்தனர். செரட்டோனின் என்னும் பொருளை ஒருமுறை அளித்தால் சந்தி சில நிமிடங்களே வலுப்பெற்றது. அதற்குப் புதுப் புரதம் தேவைப்படவில்லை. இடைவெளி விட்டு ஐந்து முறை அளித்தபோது வலிமை ஒரு நாளுக்கு மேலும் நின்றது. புரத உற்பத்தியைத் தடுத்தால் அந்த நெடிய வலிமை மட்டும் தோன்றவில்லை. கேண்டல் 2000-இல் நோபல் பரிசு பெற்றார்.

உயிரணுவினுள் புரதம் உருவாகும் பட்டறை ரைபோசோம். பியூரோமைசின் அங்கே புகுந்து, புரதச் சங்கிலியைப் பாதியிலேயே அறுத்துவிடுகிறது. அப்பட்டறையின் அமைப்பைக் கண்டறிந்தமைக்காக 2009-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் என்பது நமக்குப் பெருமை.

நத்தைக்கும் மீனுக்கும் கண்ட கணக்கை மனிதருக்கு அப்படியே பொருத்தலாகாது. புரதங்களும் அழிந்து புதுப்பிக்கப்படுபவையே. அவ்வாறிருக்க ஐம்பது ஆண்டு நினைவு எவ்வாறு நிற்கிறது என்பது இன்னும் முற்றும் விளங்கவில்லை. ஆயினும், நிலைபெறுதல் உடலுக்குள் நிகழும் வேலை. அதற்குக் காலம் வேண்டும். இதை அறியாமல், மறந்த மாணவனைச் சோம்பேறி என்று கடிந்து பெஞ்சின்மேல் நிறுத்தியவன் நான். "நாளையும் ஒருமுறை சொல், அடுத்த வாரமும் சொல்" என்று அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். இன்று உங்களிடம் சொல்கிறேன்.