எகிப்திய வீரர் காதிர் எல்-தூனி

ஒரு வீரரின் பெருமையை அவர் அடைந்த பரிசுகளைக் கொண்டே அளப்பது உலக வழக்கு. அவர் அடைந்திருக்கக் கூடியதும், காலத்தின் கொடுமையால் அடையவொண்ணாது போனதும் யாவை என நோக்குவோர் சிலரே. அவ்வாறு நோக்கத்தக்க ஒருவருடைய வரலாற்றை நம் அன்பர்கள் முன் இம்முறை வைக்கின்றோம்.

இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்திலே பாரந்தூக்கும் வித்தையில் எகிப்து தேசம் அடைந்த உயர்வு வியக்கத்தக்கது. 1922-இல் சுதந்திரம் பெற்றதாகச் சொல்லப்பட்டும், ஆங்கிலச் சேனை நீங்காதிருந்த நாடு அது. அந்நாட்டினரான சையத் நுசைர் 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் பந்தயத்தில் 355 கிலோ தூக்கி, பிரெஞ்சு வீரர் லூயி ஹோஸ்டினை இரண்டரைக் கிலோவால் வென்று தங்கப் பதக்கம் பெற்றார். அவர் வகுத்த வழியிலே வந்தவர் காதிர் எல்-தூனி.

1936-ஆம் வருஷம் பெர்லினில் ஹிட்லருடைய ஆட்சியின்கீழ் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தன. 75 கிலோ எடைக்கு உட்பட்டோர் பிரிவில் தூனியை எதிர்த்தவர்களுள் தலையானவர் ஜெர்மானியரான ருடால்ப் இஸ்மாயர். 1932-இல் இப்பிரிவில் தங்கம் பெற்றவரும், பெர்லின் தொடக்க விழாவில் வீரர் அனைவர் சார்பிலும் உறுதிமொழி கூறியவரும் அவரே. இருபது வயதை ஒட்டிய தூனியோ, தோளிலிருந்து கைவலிமையால் மட்டும் உயர்த்தும் முறையில் 117.5 கிலோவும், தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்குமேல் ஏற்றும் முறையில் 120 கிலோவும், தோளில் நிறுத்திப் பின் உயர்த்தும் முறையில் 150 கிலோவும், ஆக 387.5 கிலோ தூக்கினார். இரண்டாவதாக வந்த இஸ்மாயர் தூக்கியது 352.5 கிலோ. வித்தியாசம் 35 கிலோ!

இன்னுமொரு விந்தை கேண்மின். அடுத்த உயர்ந்த எடைப் பிரிவில் அவ்வாண்டு வாகை சூடியவர், முன்னே நுசைரிடம் தோற்ற அதே ஹோஸ்டின். அவர் தூக்கியது 372.5 கிலோவே. தம்மினும் பருத்த உடலினரான அந்த வீரரையும் தூனி 15 கிலோவால் விஞ்சி நின்றார்.

அதன் பின் நேர்ந்தது என்ன? போர் மூண்டது. 1940, 1944 ஒலிம்பிக் பந்தயங்கள் இரண்டும் நடைபெறாதொழிந்தன. 1938-க்குப் பின் 1946 வரை உலகப் போட்டியும் இல்லை. உடல் வலிமை முற்றி நிற்கும் பருவம் மேடையின்றியே கழிந்தது. ஆயினும் 1946-இல் பாரிஸில் உலகப் போட்டி மீண்டும் கூடியபோது வென்றவர் தூனியே. 1948-இல் லண்டனில் மூன்றாமவருக்குச் சமமாக 380 கிலோ தூக்கியும், உடல் எடை மிகுந்திருந்தமையால் நான்காம் இடத்திற்குத் தள்ளப்பட்டார். அதனாலும் அவர் சோர்ந்தாரில்லை. 1949, 1950 ஆகிய ஆண்டுகளில் முப்பது வயதைக் கடந்தும் உலக வெற்றியை மீட்டார். 1956-இல் தம் இல்லத்தில் மின்சாரம் தாக்கி உயிர் நீத்தார்.

நடவாத பந்தயங்களில் அவரே வென்றிருப்பார் எனத் துணிந்துரைப்பது முறையன்று. எனினும் பத்தாண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் வென்றவர், இடையில் தாழ்ந்திருப்பார் என நம்ப நம் மனம் ஒப்பவில்லை. போர் உயிர்களை மட்டும் கொள்வதன்று; உயிரோடிருப்போரின் நற்பருவத்தையும் கொள்ளையிடுவது. கூட்டமும் கைதட்டலும் இல்லாத காலத்திலும் ஆற்றலைக் காத்து நின்ற அவ்வுறுதியை நம் இளைஞர் சிந்திப்பாராக.